ஆற்றங்கரைச் சரிவில் ஓர் ஒயின்

பிரான்சில் லுவார் ஆற்றின் வடகரையில், ஆன்ஜே நகருக்கு அருகே, சவென்னியேர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆற்றை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் ஒரு சரிவின் பெயர் கூலே த செரான். பரப்பு ஏறத்தாழ 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கர். சிஸ்டர்சியன் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் இங்கே திராட்சை நட்டார்கள். சரிவு இன்றும் திராட்சைத் தோட்டமாகவே இருக்கிறது. ஒரே பண்ணைக்குச் சொந்தமான இந்த நிலத்துக்குப் பிரெஞ்சுச் சட்டம் தனிப் புவிசார் குறியீடே வழங்கியிருக்கிறது.

இங்கே விளைவது ஷெனின் பிளாங்க் என்ற ஒரே இரகம். ஆற்றுக்குத் தெற்கே, லேயோன் சிற்றாற்றின் கரைகளில் இதே இரகம் இலையுதிர்கால மூடுபனியில் பூஞ்சை பிடித்துச் சுண்டி, தேன்போன்ற இனிப்பு ஒயினாகிறது. சவென்னியேரில் தெற்கு பார்த்த சரிவும் ஆற்றுக் காற்றும் தகடு தகடாக உரியும் ஷிஸ்ட் பாறையும் சேர்ந்து பழத்தை வேறுவிதமாக வளர்க்கின்றன. அதன் சர்க்கரை அநேகமாக முழுதும் நொதித்துத் தீர்ந்துவிட, இனிப்பற்ற வெள்ளை ஒயின் கிடைக்கிறது. இனிப்பு இருந்தால் பல குறைகள் அதில் மறைந்துவிடும். அது இல்லாதபோது பழத்தின் புளிப்பும் மெல்லிய கசப்பும் அந்த ஆண்டின் வெயிலும் நேரே நாக்குக்கு வருகின்றன.

நிக்கோலா ஜோலி வங்கி வேலையை விட்டு 1970களின் பிற்பகுதியில் குடும்பத்தின் இந்தத் தோட்டத்துக்கு வந்தார். தொடக்கத்தில் வேளாண் ஆலோசகர்கள் சொன்னபடி களைக்கொல்லி தெளித்தார். சில ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறியதையும் பூச்சிகளும் பறவைகளும் குறைந்ததையும் கண்டதாகப் பின்னர் எழுதினார். ருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய வேளாண் சொற்பொழிவுகளைப் பின்பற்றி, 1984 முதல் தோட்டம் முழுவதையும் உயிராற்றல் வேளாண்மைக்கு மாற்றினார். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுதும் புதைத்துவைத்து, பின்பு நீரில் கரைத்துத் தெளிப்பது இம்முறையின் அடையாளம். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் பலருக்கும் கொம்பு சாண உரம் என்று இது பழக்கமானதுதான்.

களைக்கொல்லி மண்ணின் நுண்ணுயிர்களை அழிக்கிறது, வேர் ஆழம் போவதில்லை, கொடி வேதியுரத்தைச் சார்ந்துவிடுகிறது, கடைசியில் பழத்தில் இல்லாத மணத்தைப் பாக்கெட் ஈஸ்ட்டைக் கொண்டு ஒயினில் ஏற்ற வேண்டியதாகிறது என்பது ஜோலியின் வாதம். அவரது கிடங்கில் பழத்தோலோடு வந்த ஈஸ்ட்டே நொதிக்க வைக்கிறது. அறுவடையும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. பழுத்த குலைகளை மட்டும் பலமுறை தேடிப் பறிக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பாறையின் சுவை வேர்வழி ஏறிக் கோப்பைக்கு வருகிறது என்ற நம்பிக்கையை நிலவியலாளர்கள் ஏற்பதில்லை. பாறை கொடுப்பது நீர் வடிகாலையும் வெப்பத்தையும் வேர் ஓடும் ஆழத்தையும்தான். சுவை உருவாவது பழத்திலும் ஈஸ்ட்டிலும். கொம்புக்குள் அண்டத்தின் ஆற்றல் சேர்கிறது என்பதற்கும் அறிவியல் சான்று இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கூலே த செரான் பெரும்பாலும் பொன்னிறமானது, சாராயம் மிகுந்தது, சீமை மாதுளையும் மெழுகும் கலந்த மணமுடையது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதே ஷிஸ்ட் மண்ணில் முன்கூட்டியே பறித்து, வெளிறிய, துள்ளலான ஒயின் செய்கிறார்கள். ஜோலியின் ஒயினைக் காற்றுப்பட்டுக் கெட்டது என்று ஒதுக்குவோரும், புட்டியைத் திறந்து ஒரு நாள் வைத்திருந்து குடித்தால்தான் புரியும் என்போரும் உண்டு. அப்படியானால் கோப்பையில் இருப்பது ஊரா, ஆளா?

இரண்டையும் பிரிக்க முடியாது. எந்த நாளில் பறிப்பது என்று ஒருவர் முடிவு செய்யாமல் நிலம் தானாக ஒயின் ஆவதில்லை. ஆனால் அந்த முடிவுகள் எதை ஒட்டி எடுக்கப்படுகின்றன என்பதில் வேறுபாடு இருக்கிறது. பெருஞ்சந்தைக்கான ஒயின் ஆண்டுதோறும் ஒரே சுவையில் இருந்தாக வேண்டும். அதற்காகவே எங்கும் வாங்கக்கூடிய ஈஸ்ட்டும் குளிரூட்டிய தொட்டியும் தேவைப்படுகின்றன. ஓரிடத்தை ஒட்டி வாழத் துணிந்தவர் மழை கெடுத்த ஆண்டையும் குறைந்த விளைச்சலையும், சில வாங்குவோரின் ஏமாற்றத்தையும் சேர்த்து ஏற்கிறார். இடத்தின் சுவை என்று பேசப்படுவதில் பெரும்பங்கு இந்த ஒப்புக்கொள்ளலே. பாறையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

இயற்கை முறை என்பதால் கை முழுதும் சுத்தம் என்றும் ஆகிவிடாது. அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கைத் தோட்டக்காரர்களும் செம்பு மருந்தையே நம்புகிறார்கள். செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது.