கரையில் நின்று எடுத்த படம்

தனுஷ்கோடிக்குப் போகாதவர்களுக்குக்கூடத் தனுஷ்கோடியைத் தெரியும். கூரை போன தேவாலயம், மணலில் பாதி புதைந்த சுவர், காலை வெளிச்சத்தில் கரைவலை இழுப்பவர்களின் கறுப்பு உருவங்கள், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்ததால் பால்போல ஆகிவிட்ட கடல். இன்ஸ்டாகிராமில் இந்த நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எடுத்தவர் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்லவே முடியாது.

படம் எடுக்கத் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆனவர்களை ஒரு கேள்வி பிடித்துக்கொள்கிறது. "எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்பத்தான் வரும்?" கிடைக்கும் பதில்களும் நமக்குத் தெரிந்தவைதான். ஒரே லென்ஸில் ஒரு வருடம் எடு. கறுப்பு வெள்ளைக்குப் போ. நிழல்களில் கொஞ்சம் பச்சை ஏற்று. நல்ல ப்ரீசெட் ஒன்று வாங்கு. இவற்றில் சில கையைப் பழக்கவும் உதவும். எனக்குத் தோன்றுவது வேறு. எடுக்கப்படுகிறவருக்கும் தனக்கும் நடுவே ஒருவர் வைத்துக்கொள்ளும் தூரத்திலிருந்துதான் அவருடைய பாணி பிறக்கிறது. அப்படியென்றால் அழகியல் கேள்வியாகத் தொடங்கும் இது, கொஞ்ச தூரத்திலேயே அறக்கேள்வியாக மாறிவிடுகிறது.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பயணிகளோடு அலையில் போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இவ்வளவும் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் அதற்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் கேமராக்கள் வந்து குவிந்தன. 'பேய் நகரம்' என்ற தலைப்பு படத்துக்குப் பொருந்த வேண்டுமென்றால், சங்கு விற்கும் பெண் சட்டகத்துக்கு வெளியே போகவேண்டும். வலை இழுப்பவர் இருக்கலாம், ஆனால் முகம் தெரியாத கறுப்பு உருவமாக. அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் சோகம் கலைந்துவிடும். யாருக்கு முகம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை அங்கே ஒரு பாணி முடிவு செய்துவிடுகிறது. எடுப்பவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் நின்ற இடம் அப்படி.

அதே மாவட்டத்தில், மன்னார் வளைகுடாப் பக்கம், இன்னொரு விதமான படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. பாரதிநகர், பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அதில் வகைகள் உண்டு. ஜெல்லி போன்ற உறைபொருளான அகர், துணி ஆலைகளுக்கும் மருந்துக்கும் போகும் ஆல்ஜினேட் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி அடியில் போய்ப் பாறையிலிருந்து பறித்து மேலே வருவார்கள். பாறை கையைக் கிழிக்கும். சொறி மீன் படும். பாசி அதிகம் கிடைக்கும் தீவுகளோ கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. ஆகவே வனத்துறையின் கெடுபிடியும் உண்டு.

இந்த வேலையைக் கரையில் நின்று எடுத்தால் என்ன கிடைக்கும்? நீலக் கடலில் ஏழெட்டுப் புள்ளிகள். அழகான படம்தான். ஆனால் வேலை நடப்பது தண்ணீருக்கு அடியில். பழனி குமார் இதை 2019இல் பாரி இணையதளத்துக்காகப் படமெடுத்தார். மதுரைக்காரர், அம்மா மீன் விற்றவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலாவதாகப் பெற்றவரும் இவரே. பாசி எடுப்பவர்களைக் காட்ட அவர் தண்ணீருக்குள் போகவேண்டியிருந்தது. உள்ளே போனதும் புள்ளிகள் மனிதர்களாகிவிடுகின்றன. துணி சுற்றிய விரல் தெரிகிறது. படத்தோடு பெயரும், எத்தனை வருடமாக இந்த வேலை, என்ன கூலி என்பதும் வருகின்றன.

அவருடைய படங்களை நிறத்தை வைத்து அடையாளம் காண்பது கடினம். கேமராவின் உயரத்தை வைத்துக் காணலாம். பெரும்பாலும் வேலை செய்கிறவரின் கை இருக்கும் உயரத்தில் அது இருக்கும். துப்புரவுத் தொழிலாளர்களை எடுத்தபோதும் இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒருவர் மறுக்கலாம். "சரிங்க, இது அவர் தேர்ந்தெடுத்த விஷயத்தோட பெருமை. இதுல ஸ்டைல் எங்க இருக்கு? ஏழைகளை எடுத்தா ஸ்டைல் வந்துடுமா?" நியாயமான கேள்வி. விஷயம் மட்டும் போதாது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமே இருக்கிறது. செபஸ்தியோ சல்காடோ உழைப்பாளிகளையும் அகதிகளையும் பிரம்மாண்டமான கறுப்பு வெள்ளைப் படங்களாக்கியவர். அந்தப் பாணியை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். சூசன் சொண்டாக் 2003இல் வெளியான நூலில் அவர்மீது வைத்த குறை அழகு பற்றியது மட்டுமில்லை. பெயர் பற்றியது. பிரபலங்களுக்குப் பெயர் தந்துவிட்டு மற்றவர்களை 'அகதி', 'தொழிலாளி' என்ற மாதிரிகளாக நிறுத்துவதில் படமும் உடந்தையாகிறது என்பது அவர் வாதம். எடுத்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. எடுக்கப்பட்டவருக்குப் பெயரே இல்லை. தனுஷ்கோடியின் கறுப்பு உருவத்திலும் சின்ன அளவில் இதுதான் நடக்கிறது.

அழகாக எடுக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கடலடியில் கலங்கிய பச்சை வெளிச்சத்தில் ஒரு பெண் பாறையை நோக்கிக் கை நீட்டும் காட்சி அழகுதான். அதை அசிங்கமாகக் காட்டினால் அதுவும் ஒரு பொய். அந்த அழகைப் பார்த்தபின் எனக்கு யாரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது, எடுத்தவரைப் பற்றியா, அந்தப் பெண்ணைப் பற்றியா? நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் அவ்வளவுதான்.

பக்கத்தில் போய்விட்டால் கணக்கு தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 1936இல் கலிபோர்னியாவில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' படம் பக்கத்தில் போய், இரக்கத்தோடு எடுத்ததுதான். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். உலகம் கொண்டாடிய படம், அதில் இருப்பவருக்குப் பாரம். அந்த ஊரில் பிறந்தவரோ, அம்மா மீன் விற்றவரோ எடுத்தாலும் இந்தக் கடன் தானாகக் கழியாது. பிறப்பு உள்ளே நுழைய உதவும்; அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதைத் தினமும் முடிவு செய்தாக வேண்டும். "என் முகம் வேணாம்பா" என்று ஒருவர் சொல்லும்போது, அன்றைய மிகச் சிறந்த ஃப்ரேமை அழிக்க மனது வருமா? அழிக்கிறவரின் தொகுப்பும் அழிக்காதவரின் தொகுப்பும் பத்து வருடத்தில் வேறு வேறாகத்தான் தெரியும். நாம் விட்டுவிட்டவையும் சேர்ந்துதான் பாணி.

இதைப் பாசி எடுக்கும் பெண்களே நமக்குச் சொல்லித்தர முடியும். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது என்று தங்களுக்குள் பேசி வரம்பு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. இந்த ஒழுங்கை உருவாக்க உழைத்ததற்காகத்தான் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. எடுக்கத் தெரிந்தவருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. நம்மிடமோ மெமரி கார்டு நிறைகிறவரை நிறுத்தச் சொல்ல யாருமில்லை.

ஆகவே பாணியைத் தேடுகிற நண்பருக்குச் சொல்ல என்னிடம் ப்ரீசெட் எதுவும் இல்லை. ஒரு ஊரை, ஒரு தெருவை, ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பனாக இருக்கவேண்டிய அவசியமில்லை, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இஸ்திரி போடுகிறவராக இருக்கலாம். திரும்பத் திரும்பப் போங்கள். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் அதை அலமாரிக்குள் வைக்கிறாரா, சுவரில் மாட்டுகிறாரா, "என்னப்பா என்னைய இப்படிக் காட்டிருக்க" என்கிறாரா என்று பாருங்கள். உங்கள் படத்துக்குக் கிடைக்கப்போகிற விமர்சனங்களிலேயே முக்கியமானது அதுதான். அடுத்த முறை கேமராவைத் தூக்கும்போது அது உங்கள் கையை ஒரு அங்குலமாவது நகர்த்தும். அந்த நகர்வுகள் சேர்ந்து சேர்ந்துதான், ஒருநாள் பெயரைப் பார்க்காமலே "இது அவன் எடுத்த படம்" என்று சொல்ல வைக்கும்.

பழனி குமார் இப்போது தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் புகைப்படம் சொல்லித்தருகிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் தெருவையும் வீட்டையும் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த கேமராவுக்காக முகத்தைச் சரிசெய்துகொள்ளும் அம்மா, பிள்ளை எடுக்கும்போது மீனை அரிந்துகொண்டே "போய்ப் படிடா" என்று திட்டலாம். அந்த முகம் நம்மில் யாருக்கும் கிடைக்காது.