ஆளுநரின் நீதி

திருவண்ணாமலையில் நம் பங்கைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், அரசுப் பணி கிடைத்த செய்தியோடு எம்மைக் காண வந்தார். முகத்தில் மகிழ்ச்சியினும் கலக்கமே மிகுந்திருந்தது. "சாமி, அநீதி மலிந்த இடத்திற்குள் சென்று நீதியாய் நடக்க இயலுமா? வெளியே நிற்பதுதானே மேல்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே வாசகர்களோடும் பகிர்ந்து கொள்கிறோம்.

1834-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்த கத்தோலிக்கர் ஜான் போப் ஹென்னெஸி. 'போப்' என்பது அவர் பெயரின் பகுதியே, பதவியன்று. பாராளுமன்றம் சென்று, வழக்கறிஞராகி, பின் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் ஆளுநரானார். 1872-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் மக்களை வாட்டிய வீட்டு வரியை நீக்கினார். 1880-இல் ஹாங்காங் சட்டமன்றத்தில் முதன்முறையாகச் சீனர் ஒருவரை அமர்த்தினார். சென்ற இடமெல்லாம் வெள்ளைக்கார வணிகரின் பகையைத் தேடிக்கொண்டார்.

1883 முதல் 1889 வரை அவர் மொரீசியசின் ஆளுநர். அவர் பிறந்த 1834-இல்தான் அத்தீவில் ஒப்பந்தக் கூலிமுறை வேரூன்றத் தொடங்கியது. தமிழகத்திலிருந்தும் எத்தனையோ ஏழைகள் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்தனர். 'மொரீசியஸ் மொரீசியர்க்கே' என்று முழங்கிய ஹென்னெஸியின் முயற்சியால் 1885-இல் அங்குப் புதிய அரசமைப்பு வந்தது. ஆட்சிமன்றத்திற்குப் பத்து உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று.

எந்த மக்கள்? சொத்தும் வருவாயும் உடையோர்க்கே வாக்கு. மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் வாக்காளர் ஏறத்தாழ 4,000 பேரே. மக்களுள் மூன்றில் இரு பங்கினரான இந்தியருள் வாக்குப் பெற்றவர் மிகச் சிலர். 1886-இல் ஞானாதிக்கராயன் ஆர்லாண்டா என்னும் தமிழர் மன்றத்தில் நியமிக்கப்பட்டார். அந்த நாற்காலி ஆளுநரின் தயவு, கூலிகளின் உரிமையன்று. தேர்தல் வழியே இந்தியர் அம்மன்றத்தில் நுழைய 1926 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவரை நல்லவரென்பதா, அநீதிக்குத் துணைபோனவரென்பதா? திருவிவிலியத்தில் யோசேப்பும் ஆப்பிரிக்க மண்ணில் ஆளுநர்தாம். எகிப்தைப் பஞ்சத்தினின்று காத்தார். ஆனால் அதே தானியத்தால் மக்களின் நிலங்களும் அவர்களும் பார்வோனுக்கு உடைமையாயினர் (தொநூ 47). உயிர் பிழைத்தனர், உரிமை இழந்தனர். தனிமனித நற்குணம் அமைப்பின் அநீதியைத் தானாகவே அழித்துவிடுவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் 'பாவ அமைப்புகள்' பற்றி நம்மை எச்சரித்தது இதனாலன்றோ!

அதற்காக வெளியே நின்று கைகளைக் கழுவிக்கொள்வதும் தீர்வாகாது. பிலாத்தும் கழுவினான். வரி நீங்கியபோது ஏழையின் அடுப்பு எரிந்தது உண்மையே. ஆகவே அவ்விளைஞரிடம், "போ தம்பி. ஆனால் மாலைதோறும் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இன்று நான் அளித்தது என் தயவா, அவர்தம் உரிமையா? நான் மாற்றலாகிப் போனபின் அவர்கள் கையில் என்ன எஞ்சும்?" என்றோம்.

தயவு நம்மோடு போய்விடும். உரிமை அவர்களோடு தங்கும். பதவியில் இருக்கும் நம் பொதுநிலையினர் ஒவ்வொருவரும் இக்கேள்வியை ஆண்டவர் திருமுன் நின்று கேட்டுக்கொள்வார்களாக.