எளிதாய்க் கிடைக்கும் வரி

பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் வேண்டுமெனில் வரி வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ‘எவ்வளவு வரி?’ என்று கேட்கும் நாம், ‘எதன் மீது வரி?’ என்று கேட்பது அரிது. அறம் பற்றிய வினாவோ இரண்டாவதில்தான் அடங்கியுள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரியே தலையாய வருவாயாக இருந்தது. அதற்குத் துணை நின்றவை உப்பின் மீதும் கள், சாராயத்தின் மீதும் விதிக்கப்பட்ட தீர்வைகள். உப்பின்றி எவரும் வாழ இயலாது. குடிக்கு அடிமையானவன் அதை விட்டு விலக இயலாது. விலக இயலாதவனிடம் வரி வாங்குவது எளிது. 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் எதிர்த்தது இந்த எளிமையைத்தான். 1947-இல் உப்புவரி நீங்கியது.

குடியின் கதை வேறு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதனால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வரியும் குற்றமற்றதன்று, எண்ணெய் வாங்கும் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே விழுக்காடுதான். எனினும், தீய வருவாய் ஒன்றைக் கைவிட்டு மாற்று வழி தேட ஓர் அரசால் முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

பின்னர் காற்று திசை மாறியது. நிதிநெருக்கடியைக் காரணம் காட்டி 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மீண்டும் அகன்றது. 1983-இல் மதுவின் மொத்த விற்பனைக்கென ‘டாஸ்மாக்’ நிறுவப்பட்டது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே ஏற்றது. வரி வாங்கியவரே கடைக்காரருமானார். 2017-இல் வந்த சரக்கு, சேவை வரி பெரும்பாலான பொருள்களின் மீது தனித்து வரி விதிக்கும் உரிமையை மாநிலங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. மதுவும் பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நின்றன. மதுவின் மீதான பிடி இன்னும் இறுகியது.

மறுபுறம் பாருங்கள். 1953-இல் தொடங்கிய மரணச் சொத்துவரி 1985-இல் கைவிடப்பட்டது. 1957-இல் வந்த செல்வவரியை நீக்குவதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. கிடைப்பது சிறிது, திரட்டும் செலவு பெரிது என்பதே சொல்லப்பட்ட காரணம். செல்வரிடம் வாங்குவது கடினம் என்பதால் அவ்வரி போயிற்று. கூலியாளிடம் வாங்குவது எளிது என்பதால் இவ்வரி வளர்ந்தது. எளிமையே நீதியின் அளவுகோலாகிவிட்டதோ?

தந்தையின் கூலி மாலையில் கடை வழியே கருவூலம் சேர்கிறது. அதில் ஒரு பங்கு மகனுக்குச் சத்துணவாகத் திரும்பி வரலாம். ஆனால், அதற்கிடையே அந்த வீடு இழந்த அமைதி எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படுவதில்லை.

மதுவிலக்கு எளிதன்று, கள்ளச்சாராயம் பறித்த உயிர்களை நாம் மறக்கவில்லை. ஆனால், குடிமக்கள் குடியை விட்டுவிட்டால் அரசுக்கு இழப்பு என்ற நிலையில், அவர்களின் நலத்தை அரசு முழு மனத்தோடு நாடுவது எங்ஙனம்? நலத்திட்டங்களைக் கேட்டுப் பெறும் நமக்கும் இதில் பங்குண்டு. மாற்று வருவாய்க்கான சுமையில் நம் பங்கைச் சுமக்க முன்வராமல், கடைகளை மூடுங்கள் என்று மட்டும் சொல்வது பாதி அறமே.