முடிச்சுக்கு முடிச்சு

மும்பை மாட்டுங்கா கிழக்கில், ஆஸ்திக சமாஜக் கோயில் பக்கத்துப் பூக்கடைகளில் கை ஓய்வதில்லை. காம்பு எதிரெதிராக இரண்டிரண்டு மல்லிகை, விரலில் சுழற்றிய நூல், ஓர் இழுப்பு. சரம் நீள்கிறது.

பூவும் நூலும் சேர்ந்தது வைசேஷிகத் தத்துவவாதிகளுக்குச் 'சம்யோகம்'. தனித்தனியாக இருந்தவை கூடின, மறுபடி பிரியலாம். மல்லிகையும் அதன் வெண்மையும் அப்படியல்ல. பூவைச் சரத்திலிருந்து உருவலாம், வெண்மையைப் பூவிலிருந்து உருவ முடியுமா? இந்தப் பிரியாச் சேர்க்கையைச் 'சமவாயம்' என்று தனிப் பதார்த்தமாகவே, அதாவது அடிப்படைப் பொருள்வகையாகவே, வைத்தார்கள். அன்னம்பட்டரின் 'தர்க்கசங்கிரகம்' அடுக்கும் ஏழில் இதுவும் ஒன்று.

அத்வைதி சங்கரர் விடவில்லை. பிரம்மசூத்திர உரையில் அவர் எழுப்பும் ஆட்சேபத்தை மல்லிகைக்கும் பொருத்தலாம்: பூவையும் வெண்மையையும் சமவாயம் கட்டுகிறது, சரி, அந்தச் சமவாயத்தைப் பூவோடு கட்டுவது எது? இன்னொரு சமவாயமா? அதற்கும் இன்னொன்றா? இப்படிப் போனால் ஒரு முழம்கூடக் கட்டி முடியாது. ஆங்கிலத் தத்துவவாதி எஃப். எச். பிராட்லியும் 1893இல் ஏறக்குறைய இதே சுழலில்தான் வந்து நின்றார்.

ராமானுஜர் மூன்றாவதாக ஒரு கட்டைத் தேடவில்லை. உயிரும் உலகும் இறைவனுக்கு உடல். அவனைவிட்டுத் தனித்து நிற்காததே அவற்றின் இயல்பு என்றார். கெட்டிக்காரப் பதில். தர்க்கக்காரர்களுக்கு மட்டும் திருப்தியாகாது.

தாராவித் தோல் பட்டறைக்குப் போனால் வழக்கு இன்னும் சூடுபிடிக்கும். பசை தடவி, தையல் போட்டு, ரிவெட் அடித்தபின் 'பை' என்று புதுப்பொருள் ஒன்று பிறந்துவிட்டது என்பார் வைசேஷிகர். பௌத்தர் ஒப்பமாட்டார்: இருப்பது துண்டுகள்தான், பை என்பது பேச்சுவழக்கு.