உளநோயாளியின் உடல்

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் தென்கொரிய நாட்டில் கொரோனா நோய் தன் முதல் உயிரைக் கொண்டது. இறந்தவர் 63 வயது ஆடவர். சோங்தோ என்னும் சிறிய மாவட்டத்தில் உள்ள தேனம் மருத்துவமனையின் மூடிய மனநலப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்தவர். அவருக்கு அந்நோய் இருந்தது என்பதே அவர் கண்மூடிய பின்னர் செய்த சோதனையில்தான் தெரிய வந்தது. அவருடைய எடை 42 கிலோ.

அப்பிரிவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். சில நாட்களில் ஏறத்தாழ அனைவரையும் நோய் பற்றிக்கொண்டது. கிருமிக்கு அறிவுடையோர், அறிவு கலங்கியோர் என்ற வேறுபாடு தெரியுமா? தெரியாது. கட்டிலின்றித் தரையில் படுக்கை விரித்துப் பலர் ஓரறையில் உறங்கினர். காற்று வந்து போக வழி குறைவு. வேண்டியபோது வெளியே செல்ல உரிமையில்லை. கிருமிக்கு இவை போதும். நோய் பரவியது தெரிந்ததும் அதிகாரிகள் அக்கட்டடத்தை அடைத்து, நோயாளிகளை உள்ளேயே வைத்து மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தனர். அந்நாட்டு ஊனமுற்றோர் அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. பின்னர் அவர்கள் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். அந்தப் பூட்டு உள்ளே இருந்தோரைக் காக்கப் போடப்பட்டதா, வெளியே இருந்தோரைக் காக்கப் போடப்பட்டதா என்று கேட்பது அவர்கள்மீது பழி சுமத்துவதற்காக அன்று. எந்த ஊரானாலும் அச்சம் வந்தபோது கை முதலில் தேடுவது பூட்டைத்தான்.

என் உள்ளத்தில் நிலைத்து நிற்பது அந்த 42 கிலோ. ஒரு மனிதனின் எடை ஒரே நாளில் அவ்வளவுக்கு இறங்குவதில்லை. கொரோனா அங்கே வந்து சேர்வதற்கு முன்பே அவருடைய உடல் தேய்ந்திருந்தது. அவர் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. மருத்துவரின் கண்ணெதிரே ஒரு மனிதர் தேய முடியுமென்றால், அக்கண் எதனைப் பார்த்துக்கொண்டிருந்தது?

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர் உடல்களின் நலன், உள்ளங்களின் நலன் ஆகிய இரண்டையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். நூலின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தன. குறை தீர்ந்ததோ இல்லையோ, அதற்கு நேர் எதிரான குறை ஒன்றும் உடன் சேர்ந்துவிட்டது. உள்ளத்தில் நோய் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால், அதன்பின் அம்மனிதருக்கு உடல் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

இதனை நான் பிறர் வீட்டில் கண்டு கூறவில்லை. என் சாச்சா ஒருவர் இளமையிலேயே மனநோய்க்கு ஆளாகி, எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தம் வயிற்றில் ஒரு பாம்பு குடியிருப்பதாகச் சொல்வார். நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். ஒரு மழைக்காலத்தில் அப்பாம்பு கடிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். “பழைய கதைதானே” என்று வீட்டில் ஒருவர் சொன்னோம், மற்றவர்கள் தலையசைத்தோம். ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது குடல் அடைத்து அழுகியிருந்தது. மனநோய்க்கு உண்ணும் மருந்துகளில் சில குடலின் அசைவையே மந்தப்படுத்திவிடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். பாம்பு பொய், வலி மெய். இரண்டையும் பிரித்துக் கேட்கும் செவி எங்களிடம் இல்லாமற் போயிற்று.

தனி வீட்டில் நிகழ்வது இதுவென்றால், கொள்ளைநோய்க் காலத்தில் நாடு முழுவதும் நிகழ்வது என்னவாக இருக்கும்? நியூயார்க் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், 2020 மார்ச் முதல் மே வரை தங்கள் மருத்துவமனைகளில் கொரோனா உறுதி செய்யப்பட்ட 7,348 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021 ஜனவரியில் முடிவை வெளியிட்டனர். வயது, பால், இனம், முன்பே இருந்த உடல்நோய்கள் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து கழித்த பின்னரும், மனச்சிதைவு வகை நோயுடையோர் இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய 2.7 மடங்காக இருந்தது. முதுமைக்கு அடுத்தபடி உயிருக்கு அபாயமாக நின்றது இதுவே. மனச்சோர்வு, பதற்ற நோய் உடையோரிடம் அத்தகைய மிகுதி அவ்வாய்வில் தென்படவில்லை. மனச்சிதைவு உடையோர் அதில் 75 பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; சிறு தொகையை வைத்துப் பெரிய ஆரவாரம் செய்வது முறையன்று. எனினும் பிற நாடுகளின் ஆய்வுகளும் பெரும்பாலும் இத்திசையையே காட்டின.

காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடக்கின்றன. புகைப்பழக்கம், மருந்தால் ஏறும் எடை, சர்க்கரை நோய், இதய நோய் என்பவை அறிந்தவையே. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். குளோஸபைன் என்றொரு மருந்து உண்டு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவை அடக்குவது. 1975இல் பின்லாந்தில் அதனை உண்டவர்களுள் சிலர் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய் இறந்தனர். பல நாடுகள் அதனைக் கைவிட்டன. 1988இல் வெளியான ஓர் ஆய்வு அதன் பயனை நிலைநாட்டிய பின், இரத்தச் சோதனை என்னும் காவலோடு அது மீண்டும் பரவியது. இம்மருந்து உண்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் உடனே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கொரோனாவின் முகமும் அதே காய்ச்சல், அதே தொண்டை வலி. ஊரடங்கில் சோதனைக்கூடத்துக்குப் போவதே பெரும்பாடாக இருந்த நாளில் எது எதுவென்று யார் பிரித்தறிவது?

இன்னும் உண்டு. புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரல் இம்மருந்தை விரைந்து சிதைக்கும்படி தூண்டுகின்றன. நாள்தோறும் புகைப்பவர் நோயில் படுத்துத் திடீரெனப் புகையை நிறுத்திவிட்டால், வழக்கமான அளவு மாத்திரையே இரத்தத்தில் மிகுந்துவிடும். தொற்றும் அந்த மிகுதியைக் கூட்டும். அயர்வும் தள்ளாட்டமும் வரும், வலிப்பும் வரக்கூடும். வாயில் ஊறும் எச்சில் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கவும் கூடும். வீட்டாரோ, “எப்போதும் இப்படித்தான் கிடப்பார்” என்று எண்ணிவிடுவர். லித்தியம் உண்பவர்க்குக் காய்ச்சலாலும் வாந்தியாலும் உடலில் நீர் வற்றினால் அம்மருந்தே நஞ்சாகலாம். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும். அஞ்சி மருந்தை நாமே நிறுத்திவிடுவதும் கேடுதான். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்; சொல்ல வேண்டியவர் நோயாளி அல்லர், நாம்.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. தன் நோயைச் சொல்லத் தெரியாதவனுக்கு அதற்குரிய உரிமையும் குறைந்துவிடுமா? மார்க்கச் சட்ட நூல்கள் புத்தி பேதலித்தவரிடமிருந்து தொழுகையையும் நோன்பையும் நீக்கின. ஆயினும் அவருடைய உடைமை அவருடையதே. அதனைக் காக்க ஒரு வலீ, அதாவது பொறுப்பாளர் வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின்படி அவ்வுடைமைக்குரிய ஸகாத்தைக்கூடப் பொறுப்பாளர் எடுத்துச் செலுத்தியாக வேண்டும். அவர் தோளிலிருந்து இறங்கிய கடமை காற்றில் கரையவில்லை. பொறுப்பாளரின் தோளில் ஏறியிருக்கிறது. பொருளுக்கே இத்தனை காவல் என்றால் உடலுக்கு எத்தனை?

மறுத்துப் பேசுவோரும் உண்டு. முகக்கவசத்தைக் கழற்றி எறிபவரை, சோதனைக் குச்சியைக் கண்டு கைநீட்டி அடிப்பவரை என்ன செய்வது என்று கேட்பார்கள். செவிலியரின் உயிரும் உயிர்தானே. இக்கேள்வியை எளிதாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எனினும் அவர் ஏன் எறிகிறார் என்று ஒருமுறையேனும் விளக்கிக் கேட்ட பின்னர்தான் அதனை அடங்காமை என்று பெயரிடலாம். முகமூடி அணிந்த பலர் சூழ்ந்து நின்றால், நல்ல புத்தியுள்ளவனுக்கே நடுக்கம் வருமே!

தடுப்பூசி வந்தபோது இந்த வழக்கு மீண்டும் எழுந்தது. பிரிட்டன் 2020 டிசம்பரில் வகுத்த வரிசையில் கடும் மனநோயுடையோர் ஆறாம் பிரிவில், பிற நாள்பட்ட நோயாளிகளோடு இடம்பெற்றனர். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிறுவனம் மனச்சிதைவையும் மனச்சோர்வையும் அபாயப் பட்டியலில் சேர்த்தது 2021 அக்டோபரில்தான். நம் நாட்டில், மனநலக் காப்பிடங்களில் இருப்போருக்குத் தடுப்பூசி போடக் காலவரையறை வகுக்க வேண்டுமென்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. பதிவு செய்யத் தொலைபேசியும் அடையாள அட்டையும் கேட்கும் உலகில், தெருவில் திரியும் பித்தருக்கு இரண்டும் ஏது? தம் பெயரையே மறந்தவரிடம் நாம் எண்ணைக் கேட்டு நின்றோம்.

2023 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவின் உலக நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. பின்கட்டு அறைகள் இன்னும் இருக்கின்றன. சாச்சா இருந்த அறையில் இப்போது அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. அந்த ஐந்து நாட்களில், எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று அவரிடம் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உண்ட வேளை, உறங்கிய வேளை, எந்தப் பிறைக்கு எத்தனை நாள் என்பவற்றில் அவருடைய கணக்கு ஒருபோதும் தவறியதில்லை.