பிடித்தவை

இரவு. வீடு தூங்குகிறது.

அலமாரியின் கீழ்த்தட்டில் கறுப்புப் பெட்டி. பிளேஸ்டேஷன் 2. முகப்பில் சிவப்பாய் ஒரு புள்ளி. விரல் படுகிறது. புள்ளி பச்சையாகிறது.

உள்ளே விசிறி சுற்றத் தொடங்குகிறது.

*

டிஸ்க் வைக்கும் தட்டின் முகத்தில் சிறிய சின்னம். விரலால் திருப்பினால் திரும்புகிறது. பெட்டியைப் படுக்கவைத்தால் ஒரு பக்கம், நிற்கவைத்தால் மறு பக்கம். சின்னம் சாய்ந்து தெரியக் கூடாதென்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்.

காரணமில்லாமல் ஒருமுறை திருப்புகிறேன். மறுபடி நேராக்குகிறேன்.

*

திரையில் இருட்டு. இருட்டிலிருந்து தூண்கள் எழுகின்றன. புகை படிந்த நீலம்.

அவை அலங்காரத்துக்கு இல்லை. ஆடிய கேம்களின் தடம் மெமரி கார்டில் இருக்கிறது. அந்தத் தடம்தான் தூணாக நிற்கிறது. திரும்பத் திரும்ப ஆடியது உயர்ந்துகொண்டே போகிறது. கார்டு புதிதென்றால் அங்கே ஒன்றுமில்லை, மூடுபனி மட்டும்.

எண்ணத் தொடங்குவதற்குள் மறைந்துவிடுகிறது.

*

கார்டின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் அடங்காமல் போகலாம்.

ஒரு கோட்டை அதில் இருக்கிறது. ஓர் ஓநாய். ஒரு குதிரை.

*

இக்கோ. 2001.

கொம்பு முளைத்த சிறுவன். கொம்பு முளைத்ததற்காகவே அவனைக் கோட்டைக்குக் கொண்டுவந்து கல்பேழையில் அடைக்கிறார்கள். நிலம் அதிர்கிறது. பேழை சரிகிறது. அவன் வெளியே விழுகிறான்.

உயரத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு பெண். வெயிலில் வைத்த காகிதம்போல் வெளுப்பு. யோர்டா.

அவள் பேசுவது அவனுக்குப் புரிவதில்லை. எனக்கும்.

*

ஆர் 1. கன்ட்ரோலரின் வலது தோளில் இருக்கும் பட்டன். ஆள்காட்டி விரலுக்கு உரியது.

அழுத்துகிறேன். அவன் கையை நீட்டுகிறான். அவள் கை வந்து சேர்கிறது.

அழுத்தியிருக்கும்வரை கைகள் கோத்திருக்கும். விரலை எடுத்தால் பிரியும். வேறு விதி இல்லை.

*

ஒருமுறை அழுத்திவிட்டு மறக்க முடியாது. விரல் அங்கேயே இருக்க வேண்டும்.

இருக்கிறது.

*

அவன் ஓடுகிறான். அவள் ஓரடி பின்னால். கை இழுபடுகிறது, தோள் முன்னே வருகிறது, கால் தடுமாறிப் பிறகு சேர்ந்துகொள்கிறது. அந்த இழுப்பு கன்ட்ரோலருக்குள் அதிர்வாக வருகிறது. உள்ளங்கையில் துடிப்பு.

இந்த அசைவுகளை நடிகர்களை நடக்கவிட்டுப் பதிவுசெய்யவில்லை. ஒவ்வொரு நிலையாகக் கையால் அமைத்திருக்கிறார்கள். இயக்கியவர் ஃபுமிடோ உவேடா. ஒசாகாவில் கலை படித்தவர்.

அவள் தடுமாறும் அந்த அரை நொடியை யாரோ பல நாள் வரைந்திருக்க வேண்டும்.

*

உவேடா கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு இல்லை. மதிப்பெண் இல்லை. பெரும்பாலும் இசையும் இல்லை.

காற்று இருக்கிறது. கீழே எங்கோ கடல். பறவை. கல்மேல் வெறுங்கால்.

*

கல் இருக்கை. வெளிச்சம் கசிகிறது. அவன் உட்காருகிறான். அழைத்தால் அவளும் வந்து உட்காருகிறாள். இருவரும் உட்கார்ந்த பிறகுதான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும்.

ஒருவராகச் சேமிக்க முடியாது.

இங்கே மட்டும் மெலிதாக இசை. அதைக் கேட்டபடி கன்ட்ரோலரை மடியில் வைக்கிறேன். சேமிக்க ஒன்றும் அவசரமில்லை.

*

உறையில் இருக்கும் படத்தையும் உவேடாவே தீட்டினார். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வந்த உறை. டி கிரிக்கோவின் ஓவியங்களைப் பார்த்த கண். வளைவுகள், நீளமான நிழல்கள், ஆளில்லாத வெளி. அதில் மிகச் சிறிதாக இருவர். கைகோத்து ஓடுகிறார்கள்.

பெட்டியைத் திறக்காமல் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். இப்போதும் பார்க்கிறேன். ஓரத்தில் நிறம் போயிருக்கிறது.

*

பிடித்த கேம் எது என்று யாரோ கேட்டது நினைவுக்கு வருகிறது.

பிடித்த.

இந்தச் சொல்லுக்குள் ஒரு கை இருக்கிறது.

*

இன்னொரு இரவு. மழை நின்று சொட்டுகிறது.

கட்டமாரி டமாசி. 2004. கெய்டா தகஹாஷி சிற்பம் படித்தவர். ஒரு பந்து. இரண்டு ஸ்டிக்குகளையும் தள்ளினால் உருள்கிறது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. குண்டூசி, அழிப்பான், பூனை, மிதிவண்டி, மனிதர், வீடு.

எதையும் பிடிக்க வேண்டியதில்லை. விரல் ஓய்கிறது.

*

ஓகாமி. 2006.

வெள்ளை ஓநாய் ஓடுகிறது. கால் பட்ட இடத்தில் பூ. பின்னால் திரும்பினால் பூ இல்லை.

ஆர் 1. அழுத்திப் பிடித்தால் உலகம் நிற்கிறது. நிறம் வடிந்து காகிதமாகிறது. தூரிகை வருகிறது. வானத்தில் ஒரு வட்டம் வரைகிறேன். கோணல் வட்டம். விரலை எடுக்கிறேன்.

சூரியன்.

*

இதை உருவாக்கிய குளோவர் ஸ்டுடியோ 2007இல் மூடப்பட்டது.

பட்டுப்போன மரத்தைச் சுற்றி வட்டமிடுகிறேன். பூக்கிறது. இந்தக் காட்சிக்காக மட்டும் சில இரவுகளில் இந்த டிஸ்க்கை எடுக்கிறேன்.

*

2000 மார்ச்சில் ஜப்பானில் இந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது. 2013இல் தயாரிப்பு நின்றது. மொத்தம் 15 கோடிக்கும் மேல்.

எத்தனை இப்போது பரணில். எத்தனையில் சிவப்புப் புள்ளி எரிகிறது.

*

ஷேடோ ஆஃப் தி கொலோசஸ். 2005. இதுவும் உவேடா.

இறந்த பெண்ணைக் குதிரைமேல் கிடத்திக் கொண்டுவருகிறான் ஒருவன். யாரும் போகக் கூடாத நிலம். அவளை எழுப்ப வேண்டுமென்றால் பதினாறு பேருருவங்கள் சாய வேண்டும்.

வேறு பகைவர் இல்லை. ஊர் இல்லை. பதினாறுக்கும் இடையில் புல், பாறை, குளம்பொலி.

*

வாளை வெயிலில் தூக்கினால் ஒளி சிதறுகிறது. மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் கூடி ஒரே கற்றையாகிறது. அங்கே போக வேண்டும்.

நிழலில் நின்றால் வாள் எதுவும் சொல்வதில்லை.

*

குதிரை பெயர் அக்ரோ. சொன்னவுடன் திரும்புவதில்லை. குறுகலான வழியில் தானே பார்த்துப் போகிறது. அதை ஓட்டுவதாக நினைத்த நாட்கள் உண்டு. இப்போது கையைத் தளர்த்துகிறேன். வழி அதற்குத் தெரிகிறது.

*

ஆர் 1. அதே பட்டன். அதே விரல்.

இப்போது பேருருவத்தின் ரோமத்தைப் பற்றியிருக்கிறான். அது உதறுகிறது. அவன் துணிபோல் ஆடுகிறான். மூலையில் ஒரு வட்டம், அவன் பலம். பிடித்திருக்கப் பிடித்திருக்கச் சுருங்குகிறது. விட்டால் விழுவான். விடாவிட்டாலும் வட்டம் தீர்ந்தால் விழுவான்.

மூச்சை நிறுத்தியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிகிறது.

*

பதின்மூன்றாவது, மணல்வெளிக்கு மேல் பறக்கிறது. நீளமானது. தாக்குவதில்லை. யாரையும் பார்ப்பதுகூட இல்லை. தன் நிழலை மணலில் இழுத்தபடி போகிறது.

அதன்மேல் ஏறிக் காற்றில் நிற்கிறேன். குத்த வேண்டிய இடம் தெரிகிறது. குத்தவில்லை. சற்று நேரம் பறக்கிறேன்.

*

பேருருவம் சாயும்போது கோ ஓடானியின் இசை மாறுகிறது. வென்றவனுக்கான இசை இல்லை. எழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது.

கோயிலில் கிடத்திய பெண்ணருகே வெள்ளைப் புறாக்கள். ஒவ்வொன்று சாயும்போதும் ஒரு புறா கூடுகிறது.

அவன் முகம் வெளிறிக்கொண்டே வருகிறது.

*

கதவோரம் மகள். தூக்கம் வரவில்லையாம். வந்து பக்கத்தில் உட்காருகிறாள். கன்ட்ரோலரை வாங்கிப் பார்க்கிறாள். இரண்டு கையாலும் பிடித்தால் அவளுடைய விரல் ஆர் 1ஐ எட்டவில்லை.

திருப்பித் தருகிறாள்.

*

இன்றிரவு பதினாறாவது.

முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் ஆட்டம் கன்ட்ரோலரை விட்டுக்கொடுப்பதில்லை. கோயிலின் ஆழத்தில் ஒரு சுழல். காற்று அவனைப் பின்னோக்கி இழுக்கிறது. எதிரே அந்தப் பெண் கிடக்கிறாள். நான்கு அடி வைத்தால் மூன்று அடி பறிபோகிறது.

படிக்கட்டின் விளிம்பைப் பற்றலாம். ஆர் 1.

பற்றுகிறேன்.

*

எப்படி முடியும் என்று தெரியும். பல முறை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இந்தப் படியில் விரல் வெளுக்கிறது.

மகள் என் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறாள்.

"விட்டுடாதப்பா."

*

காற்று.

வட்டம் சுருங்குகிறது.