முற்றதிகாரமும் உயிரும்

கொடுங்கோன்மை உலகிற்குப் புதிதன்று. குடிகளின் பொருளைக் கவர்ந்தும் உடலை ஒறுத்தும் நின்ற வேந்தர் எந்நாட்டினும் இருந்தனர். அன்னோர் வேண்டியவை திறையும் பணிவுமே. பணிந்து மீண்டவன் தன் இல்லத்திருந்து யாது நினைப்பினும் அதுபற்றி அவர் பெரிதும் கவன்றிலர். 20-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த முற்றதிகார ஆட்சியோ அவ்வளவின் அமையாது, உயிரின் அறிவு இச்சை செயல்களையும் தன் உடைமையாக்கப் புகுந்தது. அரசுக்குப் புறம்பாக யாதும் நிற்றலாகாது என்று இத்தாலியில் முசோலினி 1925-இல் வெளிப்படையாகவே மொழிந்தார். அதனை அவரினும் முற்றச் செய்தோர் செருமனியில் இட்லரும் உருசியாவில் இசுடாலினுமாவர்.

1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் செருமானியப் படைவீரரது சூளுரை மாற்றப்பட்டது. நாட்டையும் மக்களையும் நோக்கிச் சொல்லப்பட்டுவந்த அது, இட்லர் என்னும் ஒருவர் பெயர் சுட்டி, அவர்க்கு எவ்வரையறையுமின்றிக் கீழ்ப்படிவதாகச் சொல்லப்படலாயிற்று. வியப்பு யாதெனின், அச்சூளுக்குச் சான்றாக வைக்கப்பட்டவர் கடவுள்! பதிக்கு உரியதைப் பசு ஒன்றற்குக் கொடுத்தற்குப் பதியையே சாட்சியாக அழைத்தனர்.

அற்றேல், தற்போதங் கெடத் தன்னை ஒப்புவித்தலே சைவர்க்கும் நெறியன்றோ, தலைவன்பால் ஒப்புவித்தலை மட்டும் இழித்தல் என்னை எனின், இவ்வினா எளிதில் தள்ளற்பாலதன்று. தலைவனெனப்பட்டானும் ஆணவத்தாற் கட்டுண்ட உயிரே. கட்டுண்டான் ஒருவன் மற்றொருவனைக் கட்டவிழ்த்தல் யாண்டுமில்லை. அதனினும் சிறந்த வேறுபாடு ஒன்றுண்டு. இறைவன் உயிரின் மலபரிபாகம் நோக்கிக் காத்திருக்கின்றான். முத்தியினும் அவன் உயிரை அழிப்பானல்லன். முற்றதிகாரியோ காத்திரான், உயிர் தனக்கென அறிவொன்று உடையதாய் இராமையே அவன் விழைவது. ஆசிரியரெனத் தம்மைக் கூறிக்கொள்வாருள்ளும் இவ்விழைவுடையார் உளர்; அன்பர்கள் அவரை அறிந்து விலகுதல் நன்று.

வினைக்கொள்கையோடு ஒப்பிடின் இதன் கொடுமை மேலும் விளங்கும். அவரவர் செய்ததை அவரவரே நுகர்வர் என்பது நம் துணிபு. 1937-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் பிறந்த 00447-ஆம் எண்ணுடைய உருசிய ஆணையோ, ஒவ்வொரு பகுதியிலும் இத்துணைப் பேரைச் சுடுக, இத்துணைப் பேரைச் சிறைமுகாமுக்கு விடுக்க என்று தொகையை முன்னரே வகுத்தது. அத்தொகையை நிரப்புதற்கு ஆட்கள் தேடப்பட்டனர். அவர் செய்த குற்றம் யாதென்பது பின்னர்ப் புனையப்பட்டது. வகுத்த தொகை போதாதென்று கூட்டிக் கேட்ட அதிகாரிகளும் பலர். 1937, 1938 ஆகிய ஈராண்டில் அரசியற் குற்றஞ் சாட்டிச் சுடப்பட்டோர், அவ்வரசின் ஏடுகளின்படியே, 6,80,000-க்கு மேற்பட்டவர்.

இதற்கு மக்கள் உடன்பட்டது யாங்ஙனம்? அடுத்த பொருளின் நிறத்தைப் பளிங்கு காட்டுமாறு போல, உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பள்ளியும் செய்தித்தாளும் வானொலியும் ஒரே நிறத்தை இரவும் பகலும் அடுத்து வைப்பின், அந்நிறமே தன்னியல்பென்று உயிர் மயங்கும். எனினும் பளிங்கு தன் தன்மையை இழந்தொழிவதன்று. இலெனினோடு உழைத்த புகாரின், 1938 மார்ச்சுத் திங்களில் மாசுக்கோ நகர நீதிமன்றத்தின் முன்னர்த் தம்மைத் துரோகியெனத் தாமே கூறினார். கூறிய அவ்வாயாலேயே, இலெனினைக் கொல்லச் சூழ்ந்தார் என்பது முதலிய சில குற்றங்களை ஒப்ப மறுத்தார். அத்திங்கள் 15-ஆம் நாள் அவர் சுடப்பட்டார். அத்தீர்ப்பை 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தள்ளிற்று.